வாகை மரத்துக் குழாய்

செத்துப்போன சங்கையா எங்கள் வாகை மரத்து ரேடியோ குழாயில் பேச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பைப்பில் தண்ணி வருகிற நேரம். அதனால் ஊரில் ஒருத்தருக்கும் திகைத்து நிற்க நேரமில்லாமல் போயிற்று. ஹலோ என்றார், தொண்டையைச் செருமினார், மைக்கை ஊதினார், மறுபடியும் ஹலோ என்றார், ஒன்னு ரெண்டு மூனு எண்ணினார், எண்ணி முடித்ததும், "மாயக்காளை, அங்க அடுப்புல பால் பொங்குது, இங்க என்ன வாய் பாத்துக்கிட்டு நிக்கிறே" என்றார். டீக்கடை மாயக்காளை ஓடிப்போய்ப் பாலை இறக்கினான். நாங்கள் பாட்டுக்குக் குடத்தை மாற்றி மாற்றி வைத்தோம். தண்ணி நின்ற பிறகுதான், இடுப்பில் குடத்தோடு ஒச்சம்மா கேட்டாள்: "ஏத்தா, சங்கையா அண்ணனுக்குப் பதினாறு கும்பிட்டாச்சுல்ல?"

"கும்பிட்டாச்சு. வடையில உப்பில்லன்னு நீதான சொன்ன" என்றேன் நான்.

அப்புறம் ரெண்டு பேரும் அண்ணாந்து குழாயைப் பார்த்தோம். அது எப்போதும் போல வாயைத் திறந்துகொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது.

வெள்ளக்கரட்டுப்பட்டி, உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கரட்டுக் குன்றை ஒட்டிக் கிடக்கிற ஊர். அங்கே ஒரு விசேசம் என்றால், காதுகுத்தோ சடங்கோ கல்யாணமோ எழவோ எதுவானாலும், முதலில் மைக்செட்டுச் சங்கையா வர வேண்டும், ஏணி வர வேண்டும், ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள அவர் சம்சாரம் சீனியம்மாள் வர வேண்டும், அவர் மேலே ஏறி வாகைக் கிளையில் ரேடியோ குழாயைக் கட்டி, இறங்கி, ஆம்ப்ளியை ரெண்டு தட்டுத் தட்டி, சாமி பாட்டு ஒன்றைப் போட்ட பிறகுதான் உலையில் அரிசி விழும். விசேசம் முடிந்தால் முடிந்த கையோடு குழாயை இறக்கிவிடுவார். கிடக்கட்டுமே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கேட்க மாட்டார். "குழாய் மரத்துல இருந்தா விசேசம் முடியலன்னு அர்த்தம்" என்பார். அவர் போடுகிற முடிச்சு அவருடையது. கயிற்றை இதுவரை ஒரு தடவை கூட அறுத்ததில்லை, ஒரு இழுப்பில் அவிழ்த்துவிடுவார். அந்த முடிச்சு அவருக்குத் தெரியும், கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்த சீனியம்மாளுக்குத் தெரியும்.

தன் தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து என்று குழாயைக் கட்டி இறங்கியவர், ஹலோ என்று ஆரம்பித்து, ஒன்னு ரெண்டு வரைக்கும் எண்ணி, மூனு சொல்லாமல் நாற்காலியில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சீனியம்மாள் சாயங்காலம் அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். காதுகுத்துக்குக் கட்டிய குழாய் எழவுக்கு ஆயிற்று. பாட்டுப் பாடிற்று, ஒப்பாரி வைத்தது, யார் யார் மாலை போட வந்திருக்கிறார்கள் என்று சொல்லிற்று. எல்லாம் முடிந்து ஒயரைச் சுருட்டினோம், ஆம்ப்ளியைத் துணி போட்டு மூடி அவள் வீட்டு மூலையில் வைத்தோம், பந்தலைப் பிரித்தோம், பாத்திரத்தைக் கழுவி அனுப்பினோம். குழாயை மட்டும் இறக்கவில்லை. மறந்துதான் போனோம். குழாயை இறக்குவது ஒருத்தருடைய வேலை. அவரைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே.

இனி சீனியம்மாள் சங்கதி. சங்கையாவுக்குக் காது போய் ரொம்ப வருசம். குழாய்க்குப் பக்கத்திலேயே பிழைத்தவருக்கு வேறென்ன ஆகும். அவளோ சத்தமில்லாத பொம்பளை. அவள் பேசினால் காலடியில் மேய்கிற கோழி கூடத் தலையைச் சாய்த்துத்தான் கேட்கும். வீட்டுக்குள் அவள் எதையாவது சொன்னால் "என்னது, சத்தமாச் சொல்லு" என்பார், பிறகு காதில் விழுந்தது சரிதானா என்று அதையே திருப்பிச் சொல்லிப் பார்ப்பார், அவர் சொல்வது தெருக்கோடி வரைக்கும் போகும். அவளுக்கு வயிற்றால் போனதும், தம்பி பெண்டாட்டியோடு பேச்சு நின்றதும், திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் தேன்மொழி முழுகாமல் இருந்ததும் எங்களுக்கெல்லாம் அப்படித் தெரிந்ததுதான். தாலி ஏறிய நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு ரகசியம் கிடையாது.

பதினாறு முடிந்து, சொந்தக்காரர்களெல்லாம் பஸ் ஏறிப் போய், மகளும் போய், வீடு வீடாக இல்லாமல் வெறும் சுவராக நின்ற ஒரு திங்கட்கிழமை, குளிக்கும்போது அவள் கைக்கு அது தட்டுப்பட்டது. இடது மாரில், அக்குள் பக்கமாக, இலந்தைக்கொட்டை கணக்காக ஒன்று. வலியில்லை, அழுத்தினால் நகரவும் இல்லை. பயம் அப்புறம் வந்ததாம், முதலில் வந்தது ஒரு சின்னச் சந்தோசம் என்று பிற்பாடு அவளே எங்களிடம் சொன்னாள்: ஊருக்குத் தெரியாத ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது, அதைத் திருப்பிச் சொல்ல ஆளில்லை. ஆஸ்பத்திரிப் படியில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று அந்தச் செருப்புப் பையோடு வந்த அன்றைக்கே நினைத்திருந்தாள். ஜாக்கெட்டை மாட்டி, சேலையை இழுத்துச் சொருகி, பொட்டலம் கட்டி வைத்ததுபோல அதை மூடி வைத்துவிட்டாள். மறுநாள் காலையில்தான் குழாய் பேசியது.

குழாய் பேசியதும் ஊர் என்ன செய்யுமோ அதை எங்கள் ஊர் செய்தது. லைன்மேனைக் கூப்பிட்டோம். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, "ஒயரே இல்லையே" என்றார். இல்லைதான் என்றோம். "அப்ப இதுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்ல" என்று ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். பூசாரியைக் கேட்டோம். "பேசுற மனுசனுக்குத் திதி குடுக்கச் சொல்றீங்களா? நான் மந்திரம் சொல்லும்போது குறுக்க பேசிருவாரே" என்றார். அதோடு அந்த விசாரணை முடிந்தது. பிறகு அவரவர் காரியத்துக்கு அவரைப் பயன்படுத்திக்கொள்ள ஆரம்பித்தோம். மேலே இருந்து பார்க்கிறவர் இல்லையா, தொலைந்த ஆடு எந்த ஓடையில் நிற்கிறது என்று சொல்வார், ரேசன் கடை திறந்துவிட்டது என்பார், கரட்டுக்கு அந்தப் பக்கம் மழை இறங்கிவிட்டது, வடகத்தை எடுங்கள் என்பார். பரீட்சைக் காலத்தில் படிக்கிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் அடங்கி இருக்கும்படி ஊர்க்கூட்டத்தில் கேட்டுக்கொண்டோம், அடங்கி இருந்தார். அடங்கி இருக்கிறேன் என்பதை மட்டும் அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருந்தார்.

சீனியம்மாளுக்குப் பூ வைக்கலாமா கூடாதா என்பதுதான் பெரிய பேச்சாகக் கிடந்தது. தாலி வாங்கியாயிற்று, வெள்ளைச் சேலை கொடுத்தாயிற்று, ஆனால் புருசன் வேளைக்கு வேளை மரத்தில் இருந்து "சீனி, சோத்தத் தின்னியா" என்று கேட்கிறார். ஒச்சம்மா ஒரு நாள் ஒரு முழம் கனகாம்பரத்தைக் கொண்டு போய் அவள் கொண்டையில் சொருகிவிட்டு வந்தாள். "எம் புருசன் உசுரோடதான் இருக்கான், சோறு தின்னியான்னு இதுவரைக்கும் கேட்டதில்ல. நான் பூ வைக்கும்போது இவளுக்கு என்னவாம்" என்றாள். அவள் புருசன் அன்றைக்குச் சீக்கிரமே படுத்துக்கொண்டார்.

சாயங்காலமானால் சீனியம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு அவரிடம் பேசுவாள். செத்த பிறகும் காது சரியாகவில்லை. "என்னது, சத்தமாச் சொல்லு" என்று குழாய் கத்தும். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பூண்டை எடுப்பாள். கட்டியைப் பற்றி அவரிடம் கூட அவள் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை. நூறு நாள் வேலைக்குப் போகிற பொம்பளைகள் மண்வெட்டியோடு நிற்கிறோம், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிற்கிறார்கள், டீக்கடையில் ஆம்பளைகள் கிளாசும் கையுமாக இருக்கிறார்கள். குழாய் செருமியது, ஊதியது, ஒன்னு ரெண்டு மூனு எண்ணியது. பிறகு, மாநாட்டுக்கும் திருவிழாவுக்கும் அவர் எடுக்கிற அந்த மேடைக் குரலில் சொல்லிற்று:

"பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. நமது ஊர் மைக்செட்டுச் சங்கையா சம்சாரம் சீனியம்மாளுக்கு இடது பக்க மாரில் ஒரு கட்டி உள்ளது. இதை அவர் யாரிடமும் தெரிவிக்கவில்லை. ஆகவே தாய்மார்கள் யாராவது அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று காட்டும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

எந்த அறிவிப்பையும் மூன்று தடவை சொல்வது அவர் வழக்கம். மூன்று தடவையும் சொன்னார்.

டீக்கடையில் இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் கிளாசுக்குள் என்னவோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தையை நாங்கள் எங்களுக்குள்ளேயே வாயால் சொல்வதில்லை, கண்ணால்தான் சொல்வோம். சீனியம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. மரத்தை ஒரு போடு போட்டாள். "வெக்கங்கெட்ட மனுசா, இது ஒன்னாவது எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்னு விட்டீங்களா" என்றாள்.

"என்னது, சத்தமாச் சொல்லு" என்றது குழாய்.

ஒச்சம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். சிரித்துக்கொண்டே மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய் அவளைச் சுற்றிக்கொண்டோம். சீனியம்மாளும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறி ஒச்சம்மா தோளில் விழுந்தாள். பக்கத்து ஊரில் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா ஜெயராணி காதிலும் அறிவிப்பு விழுந்து, அந்த அம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கி, வீட்டுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தித் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. "சங்கையா சார், நீங்க சொன்னது சரிதான். நாளைக்கே மதுரைக்கு அனுப்புறேன்" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னது, கைகட்டி நிற்கிற மாதிரி மரியாதையாக.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசியை விட்டுத் துணுக்குச் சதை எடுத்தார்கள், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போனோம். புத்துநோய் என்றார் டாக்டரம்மா. சீனியம்மாள் தரையில் பதித்திருந்த ஓட்டின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரமாத்தான் வந்திருக்கீங்க. ஆபரேசன் பண்ணி எடுத்துட்டு, அப்புறம் மருந்து ஏத்தினா நல்லா இருப்பீங்க. அப்படியே விட்டா பரவிரும்" என்ற டாக்டரம்மா, "முதல்ல யாரு கவனிச்சது?" என்று கேட்டார்.

"அவ வீட்டுக்காரருங்க" என்றாள் ஒச்சம்மா.

"பரவாயில்லயே. வெளிய நிக்கிறாரா? கூப்பிடுங்க, அவருகிட்டயும் பேசணும்."

"அவரு மரத்துல இருக்காரு டாக்டரம்மா."

டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "சரி, இறங்கினதும் வரச் சொல்லுங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் சீனியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆபரேசனுக்குப் போகமாட்டேன் என்றாள். வலிக்குப் பயமா, மாரு போய்விடும் என்ற கூச்சமா என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ரெண்டும் இல்லை. மூன்றாம் நாள் ஒச்சம்மாவிடம் மட்டும் சொன்னாள்: "மதினி, கட்டி வந்த மறுநாள் அவரு வந்தாரு. ரெண்டும் ஒரே கொடியில காய்ச்ச காய். ஒன்னப் பறிச்சா இன்னொன்னும் போயிரும்."

ஒச்சம்மாவிடம் மட்டும் சொன்னதால் பொழுது சாய்வதற்குள் ஊரே மரத்தடியில் கூடிவிட்டது. மாயக்காளை எழுந்தான். அவனுக்கு இதில் நட்டம் உண்டு; குழாய் பேச ஆரம்பித்த பிறகு கேட்க வருகிற கூட்டம் அவன் கடையில்தான் உட்காரும். "அண்ணன் பேச்சு நின்னாலும் பரவாயில்ல, சீனியக்கா போயிட்டு வரட்டும். ஊரு சம்மதிக்குது" என்றான். எல்லாரும் ஆமென்றோம்.

சீனியம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊருக்கு என்ன தம்பி, ஊரு வேற செட்டு எடுத்துக்கும்" என்றாள். "எனக்கு?"

அவள் மரத்தடிக்கு வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆயுசில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுக் கேட்டாள்: "ஏங்க, நான் ஆபரேசன் பண்ணிக்கிட்டு வந்தா நீங்க இருப்பீங்களா, மாட்டீங்களா?"

கரட்டில் பட்டு அந்தக் கேள்வி திரும்பி வந்தது. குழாய் செருமியது, ஊதியது. பிறகு, "நான் எங்க போறது சீனி, மரத்துலயில்ல கட்டிப் போட்டிருக்கீங்க" என்றது.

அந்த வாரமே போனாள். மகள் தேன்மொழி திருப்பூரில் இருந்து வந்து கூட இருந்தது. ஆபரேசன் அன்றைக்கு ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை, மரத்தடியிலேயே கிடந்தோம். தேன்மொழி போன் வருவதற்கு முன்பே குழாய் சொல்லிற்று: "சீனி கண்ணு முழிச்சிருச்சு. தண்ணி கேக்குது. ஒரு வாய்க்கு மேல குடுக்கக் கூடாதாம்." அதை மூன்று தடவை சொல்ல ஆரம்பித்து, மூன்றாம் தடவை பாதியில் தழுதழுத்து, மைக்கை ஊதிச் சமாளித்துக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது இடது பக்கம் தட்டையாக இருந்தது. ஜாக்கெட் அங்கே சுருங்கித் தொங்கியது. தேன்மொழி துணியைச் சுருட்டி வைத்துப் பார்த்தது, சுருணை நழுவி இடுப்புக்கு வந்தது. ஒச்சம்மா இலவம்பஞ்சை அடைத்துப் பார்த்தாள், அரித்தது. கடைசியில் சீனியம்மாளே எழுந்து போய், மூலையில் துணி மூடியிருந்த சாமான்களைக் கிளறி, மைக்கின் தலையில் மாட்டுகிற சிவப்புப் பஞ்சு உருண்டையை எடுத்து வந்து உள்ளே வைத்துக்கொண்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எப்படிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"அவரு வாய் பட்ட பஞ்சு" என்றாள். ஒச்சம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

பிறகு மருந்து ஏற்றுகிற காலம் வந்தது. சில வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போவாள், பாட்டிலைத் தொங்கவிட்டு ஏற்றுவார்கள், சாயங்காலம் கசங்கிய துணியாட்டம் திரும்பி வருவாள், நாலு நாள் கஞ்சி கூட இறங்காது, பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்து, யார் வீட்டிலோ கருவாடு வறுக்கிறார்கள் என்று திட்டுவாள், அதைக் கேட்டதும் எங்களுக்கு நிம்மதியாகிவிடும். முடி கொட்டியது. சங்கையாவின் துண்டை எடுத்து அவர் கட்டுகிற மாதிரியே தலைப்பாகை கட்டிக்கொண்டாள். ஒச்சம்மா கனகாம்பரத்தோடு வந்து நின்று யோசித்தாள், பிறகு தலைப்பாகையில் சொருகிவிட்டுப் போனாள்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. முதல் மருந்து ஏறியதும் குழாயில் சத்தம் ஒரு சுற்றுக் குறைந்தது. பக்கத்து ஊருக்குக் கேட்பது நின்றது. ரெண்டாவது ஏறியதும் தெருக்கோடிக்குக் கேட்கவில்லை. அதன் சத்தம் குறையக் குறைய நாங்களும் எங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டோம். அது எப்படிப் பழக்கமானது என்றே தெரியவில்லை. மாயக்காளை கிளாசைத் தட்டி வைப்பதை விட்டான். பைப்படிச் சண்டையைக் காதோடு காதாகப் போட்டோம், அப்படிப் போட்டதில் பாதிச் சண்டை என்னவென்று மறந்துபோய் நின்றது. வாகை நெற்று காய்ந்து காற்றில் சலசலத்து இடைஞ்சல் செய்தது என்று பொம்பளைகள் தொரட்டியால் அத்தனையும் பறித்துப் போட்டோம். ஹாரன் அடிக்காத பஸ் அந்தத் தடத்தில் எங்கள் ஊருக்கு வருகிற பஸ் ஒன்றுதான். அப்படியும் மூன்றாவது மருந்து ஏறியபோது, மரத்தில் காதை வைத்தால்தான் கேட்கும் என்று ஆயிற்று.

நாலாவது மருந்துக்குப் போக வேண்டிய காலையில் பஸ் வந்து நின்றது, சீனியம்மாள் ஏறவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல" என்றாள். "இன்னும் ஒன்னு ஏத்துனா இதுவும் நின்னுரும். எனக்குத் தெரியும்."

"பாதியில விட்டா வினையாயிரும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு மதினி" என்றாள் ஒச்சம்மா.

"ஆகட்டும்."

"பொண்ணை நெனச்சுப் பாரு."

"அதுக்குப் புருசன் இருக்கான்."

பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து நின்றார்கள். டிரைவர் இஞ்சினை அணைத்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அமைதியில், மரத்தில் காதை வைக்காமலே, எல்லாருக்கும் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

"சீனி, செட்டுக் கட்டுறவன் விசேசம் முடிஞ்சா இறக்கிக்கிட்டுப் போகணும். மறுநாளும் குழாய் மரத்துல இருந்து கத்திக்கிட்டிருந்தா அது விசேசமில்ல, தொந்தரவு. நான் என்னைக்காவது கிடக்கட்டும்னு விட்டுருக்கேனா? சொல்ல வேண்டியத ஒரு நாள் காலையிலேயே சொல்லிட்டேன், மூனு தடவையும் சொல்லிட்டேன். இறக்கிவிட ஆளில்லாம உக்காந்திருக்கேன், அம்புட்டுத்தான்."

மாயக்காளை தலையில் கை வைத்துக்கொண்டான். "அட, ஆமா. குழாயை இறக்கலயே நாம" என்றான். அருவாளை எடுத்துக்கொண்டு ரெண்டு பேர் மரத்தடிக்கு வந்தார்கள்.

"அறுக்காதீங்க" என்றது குழாய். "என் கயிறு ஒன்னும் இதுவரைக்கும் அறுபட்டதில்ல. சீனிக்குத்தான் அந்த முடிச்சுத் தெரியும். அவ ஏறி அவுக்கட்டும். அதுக்கு ரெண்டு கையும் மேல போகணும்."

சீனியம்மாள் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆபரேசன் ஆன கை, தோளுக்கு மேல் போகவில்லை. உள்ளே யாரோ இழுத்துப் பிடித்ததுபோல நின்றுவிட்டது.

"போகலயே" என்றாள்.

"போக வையி. மருந்தை முடி, கையைச் சரிபண்ணு, வா. அதுவரைக்கும் நான் பேசல. பேசினா நீ அங்க போகாம இங்கதான் உக்காந்திருப்பே."

அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் மணியைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்தாள், தலைப்பாகையைச் சரிசெய்தாள், "உசுரோட இருக்கும்போது ஏணியப் பிடின்னுதான் சொன்னாரு, இப்ப ஏறவும் சொல்றாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர இடத்தை அவளுக்காக விட்டிருந்தார்கள்.

அன்றையிலிருந்து குழாய் பேசவில்லை. ஆடுகளை நாங்களே தேடினோம். வடகம் ரெண்டு தடவை நனைந்தது. சீனியம்மாள் மிச்ச மருந்தையெல்லாம் ஏற்றிக்கொண்டாள். நர்ஸம்மா ஜெயராணி ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தது: சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களைச் சிலந்தி ஏறுவதுபோலச் சுவரில் மேலே மேலே ஏற்ற வேண்டும், முடிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும், மறுநாள் அதற்கு மேலே. அவள் விரலில் மஞ்சளைத் தொட்டுக்கொண்டு ஏற்றினாள். அடுப்படிச் சுவரில் மஞ்சள் பொட்டுகள் இடுப்பு உயரத்தில் தொடங்கி, நெஞ்சுக்கு வந்து, மூக்குக்கு வந்து, சில நாள் நகராமல் ஒரே இடத்தில் குழம்பி, பிறகு நெற்றிக்குப் போயின. நாங்கள் உப்புக் கேட்கிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். "எங்க இருக்கு?" என்று ஆம்பளைகள் டீக்கடையில் கேட்பார்கள். "காதுக்கு வந்தாச்சு" என்போம். சீனியம்மாள் வீட்டுச் சுவரைப் பற்றி ஆம்பளைகள் கிளாசுக்குள் பார்க்காமல் பேசப் பழகியிருந்தார்கள். முடி முளைத்து, எலிக்குஞ்சு மயிர் மாதிரி தலைப்பாகையின் ஓரத்தில் எட்டிப் பார்த்த சமயம், பொட்டு தலைக்கு மேலே போய்விட்டது. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு எல்லாம் சுத்தமாக இருக்கிறது, சொன்ன தேதிக்கு வந்து காட்டிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்.

பைப்பில் தண்ணி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, ஏணி வந்தது. சங்கையா ஏறும்போது சீனியம்மாள் பிடித்த ஏணியை இப்போது ஊரே பிடித்தது. அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினாள். கிளைக்குப் போனதும் வலது கையைத் தூக்கினாள். பிறகு இடது கையைத் தூக்கினாள். அது தோளுக்கு வந்து, காதுக்கு வந்து, ஒரு நொடி நின்றது. அவள் மரத்தின் பட்டையில் விரல்களை வைத்துச் சுவரில் ஏற்றியதுபோல ஒவ்வொன்றாக ஏற்றினாள். முடிச்சைத் தொட்டாள். ஒரு இழுப்பு. கயிறு முழுசாக அவள் கையில் வந்தது.

குழாயைக் கீழே இறக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரித் துடைத்து, நாற்காலியில் வைத்தாள். ஆம்ப்ளியைத் தூக்கி வரச் சொல்லி, ஒயரைக் கொடுத்து, ரெண்டு தட்டுத் தட்டினாள். மைக்கை எடுத்தாள். அதில் பஞ்சு இல்லாததால் அவள் மூச்சுக் காற்று குழாயில் ஊவென்று இரைந்தது. பஞ்சு எங்கே இருக்கிறது என்று பொம்பளைகளுக்கெல்லாம் தெரியும், ஒச்சம்மா என்னைக் கிள்ளினாள்.

"ஹலோ" என்றாள் சீனியம்மாள். "ஒன்னு, ரெண்டு, மூனு."

காதுகுத்து அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்த மூனு அப்போதுதான் சொல்லப்பட்டது.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. மைக்செட்டுச் சங்கையா சம்சாரம் சீனியம்மாளுக்கு உடம்பு தேவலை. கட்டி போயிருச்சு. விசேசம் முடிஞ்சது. கூட வந்தவங்க, கஞ்சி கொண்டாந்தவங்க, மரத்துல நெத்துப் பறிச்சவங்க எல்லாருக்கும் கும்புடு."

அதை மூன்று தடவை சொன்னாள். கரடு அதைத் திருப்பிச் சொன்னது. சொல்லி முடித்ததும் மைக்கை அணைக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே, நாற்காலியில் இருந்த குழாயிடம் குனிந்து, வீட்டுக்குள் பேசுகிற அந்தச் சின்னக் குரலில், கோழி கூடத் தலையைச் சாய்த்துக் கேட்க வேண்டிய அந்தக் குரலில் கேட்டாள்: "ஏங்க, இப்பவாவது கேக்குதா?"

அது எங்கள் தெரு முழுக்க, கரடு முழுக்க, பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டது.

குழாய் சொல்லிற்று, கத்தாமல், வாழ்நாளில் அந்த மனுசன் பேசியறியாத மெல்லிய குரலில்: "கேக்குது சீனி. நல்லாக் கேக்குது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது பேசவில்லை. சடங்கு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் சீனியம்மாள்தான் இப்போது செட்டுக் கட்டுகிறாள், அவள் சொன்னால் பேசும், சொல்லாவிட்டால் இரும்பு. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் யாரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பைப்பில் தண்ணி வந்துவிட்டது, வைத்த குடம் நிரம்பி, தெருவில் வழிந்து, எங்கள் காலை நனைத்துக்கொண்டு வாகை மரத்தடிக்கு ஓடியது, அப்படியும் ஒருத்தியும் போகவில்லை. கடைசியில் சீனியம்மாள்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மைக்கைத் திரும்ப வாய்க்குக் கொண்டு போனாள்.

"தாய்மார்களுக்கு ஓர் அறிவிப்பு" என்றாள். "தண்ணி வீணாப் போகுது. போயிக் குடத்த மாத்துங்கடி."